ஜன்னல் ஓரக் கட்டில்

ஆபரேஷன் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். "சிஸ்டர், அந்தக் கட்டில் காலியாச்சுன்னா என்னை அங்க மாத்தி விடுங்க" என்று கேட்காத நோயாளி குறைவு. காற்று வரும், கரண்ட் போனாலும் புழுங்காது என்று காரணம் சொல்வார்கள். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வார்டின் கிழக்குப் பக்கம் இரண்டு வேம்பும் ஒரு பூவரசும் நின்றன. மேற்குப் பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கும் கொட்டகையின் சுவர். கிழக்குப் பக்கத்துக்காரர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள், ராத்திரி அதிகம் கூப்பிடுவதில்லை என்று செவிலியர்களான எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. உண்மையா, எங்கள் கற்பனையா என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் ராஜர் உல்ரிச். பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனை. அங்கே 1972 முதல் 1981 வரை பித்தப்பை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்தார். ஒரே மாதிரியான அறைகள். சிலவற்றின் ஜன்னலில் மரங்கள் தெரியும். மற்றவற்றில் பழுப்புச் செங்கல் சுவர். யாருக்கு எந்த அறை என்பது, எது காலியாக இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அமைந்தது. வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்து 23 ஜோடிகளைப் பிரித்தார். ஜோடியில் ஒருவர் மரம் பார்த்தவர், மற்றவர் சுவர் பார்த்தவர். இலையுதிர்ந்த மரம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 20 வரை அறுவை செய்துகொண்டவர்களை மட்டுமே சேர்த்தார்.

எனக்கு இந்த ஆய்வு பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. கேஸ் ஷீட்டிலிருந்து விவரங்களைப் பிரித்தெடுத்தவர் அறுவை சிகிச்சை வார்டில் அனுபவமுள்ள ஒரு செவிலியர். எந்த நோயாளிக்கு எந்த ஜன்னல் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. ஆய்வின் மூலப்பொருளே செவிலியர் குறிப்புகள்தான். 'நோயாளி அழுகிறார்', 'நிறைய ஆறுதல் தேவைப்படுகிறது' என்று டூட்டி முடியும் நேரத்தில் நாங்கள் அவசரமாக எழுதிவைப்போமே, அந்த வரிகள். அவற்றை யாராவது திரும்பப் படிப்பார்கள் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. சுவர் பார்த்தவர் ஒருவருக்குச் சராசரியாக 3.96 மோசமான குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன; மரம் பார்த்தவருக்கு 1.13. வலி மருந்தில்தான் விஷயம் இன்னும் நுட்பமானது. அறுவை முடிந்த முதல் நாள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மயக்கம் முழுதாகத் தெளியாதவர் ஜன்னலை எங்கே பார்க்கப்போகிறார்? இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, கண் விழித்து, வலியோடு படுத்துக் கிடக்கும் அந்த நாட்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான ஊசி குறைவாகவே தேவைப்பட்டது. பெரும்பாலும் சாதாரண மாத்திரையோடு சமாளித்தார்கள். வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இது பொருந்தி வரும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் நோயாளி மனம் உடைகிற நாட்கள்.

உல்ரிச்சின் கட்டுரை 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மொத்தம் 46 பேர், ஒரே மருத்துவமனை. இதை வைத்துக்கொண்டு மரம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது; அவரும் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு மருத்துவமனை கட்டுகிறவர்கள் பலர் ஜன்னலைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினார்கள். 2010-ல் சிங்கப்பூர் யீஷூனில் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையில் நடுமுற்றமே தோட்டம், மொட்டைமாடியில் காய்கறிப் பாத்தி.

ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதால் வலி எப்படிக் குறையும்? வலி காயத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. மூளை அதைக் கவனிக்கும் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். பயந்து கிடக்கிற உடம்பில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், தசை இறுகும். இறுகிய வயிற்றுத் தசையில் தையல் இன்னும் வலிக்கும். இலை அசைவது, அணில் ஓடுவது, வெளிச்சம் நகர்வது போன்றவை கவனத்தை வலிந்து இழுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு அந்த எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்க இடம் கிடைக்கிறது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் செவிலியத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே நோயாளிக்குச் சுத்தமான காற்றுக்கு அடுத்தபடி வெளிச்சம் வேண்டும், ஜன்னல் வழியே ஏதாவது தெரிய வேண்டும், நிறமுள்ள பூ கண்ணில் பட வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறார். செவிலியர் பயிற்சியில் அவர் பெயரில் உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். கையில் விளக்கேந்தி நின்றோம். ஜன்னலைப் பற்றி அவர் எழுதியதை எங்களுக்கு யாரும் நடத்தவில்லை.

இயற்கையே மருந்து என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. அந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையம் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணம் டாக்டர் டேவிட் சவரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே சேர்க்கப்பட்டார். திறந்த ஜன்னல், குளிர்காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு: அந்தக் காலத்தில் காசநோய்க்கு இருந்த வைத்தியம் இவ்வளவுதான். கும்பகோணத்துப் பிள்ளைக்கு இங்கிலாந்துக் குளிரில் திறந்த ஜன்னல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது. அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்று என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததும் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஐசோநயாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளை நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் இருந்தார்கள். மறுபகுதியினர் நகரத்தின் நெரிசலான வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானது: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். குணப்படுத்தியது மருந்து, காற்றும் வெயிலும் அல்ல. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்ற வழி அதிலிருந்துதான் திறந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் சேர்த்தே சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மலைக்குப் போ, மூலிகைக் காற்றைச் சுவாசி, மாத்திரையை நிறுத்து என்று யாரோ சொல்லக் கேட்டு, இன்சுலினை விட்டுவிட்டு, கால் அழுகி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும், அழுகிய குடல்வாலை எடுக்கக் கத்தி வேண்டும். மரமும் வெளிச்சமும் செய்வது வேறு வேலை. அது தூக்கம், மனநிலை, வலியைத் தாங்கும் சக்தி, கண், எலும்பு என்று பல இடங்களில் நடக்கிறது. ஓசையில்லாமல் நடப்பதால்தான் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நைட் டூட்டியில் அதிகம் பார்த்தது அதைத்தான். இடுப்பெலும்பு முறிந்தோ குடலிறக்கத்துக்கோ அறுவை செய்துகொண்ட எழுபது வயதுக்காரர், பகலெல்லாம் தூங்கிக் கிடப்பார். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து டியூபைப் பிடுங்குவார். "மாட்டுக்குத் தண்ணி காட்டலை, நான் போகணும்" என்பார். பெற்ற மகனையே தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் திருநீறு கொண்டுவருவார்கள். டெலிரியம் என்று மருத்துவத்தில் சொல்லப்படும் தற்காலிகக் குழப்பம் அது. தொற்று, மருந்து, உடம்பில் நீர் வற்றிப்போவது என்று பல காரணங்கள். பகலும் இரவும் தெரியாமல் போவதும் அதைக் கூட்டும். காலை வெளிச்சம் கண்ணுக்குள் போனால்தான் மூளை மெலட்டோனினைக் குறைத்து, இது பகல் என்று உடம்புக்குத் தெரிவிக்கிறது. டியூப்லைட் இருபத்து நான்கு மணி நேரமும் எரியும், ஜன்னலே இல்லாத ஐ.சி.யூ.வில் அதற்கு வழியில்லை. வார்டுக்கு வந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கட்டிலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முடிந்தவர்களைக் கைத்தாங்கலாக வராந்தாவில் உட்காரவைப்பது. "ஐயா, விடிஞ்சிருச்சு, காக்கா கத்துது பாருங்க" என்று பேச்சுக் கொடுப்போம். எல்லாருக்கும் அதனால் தெளிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் வனத்துறையே 1982-ல் 'காட்டுக் குளியல்' என்று ஒரு பழக்கத்தை மக்களிடம் கொண்டுபோனது. குளிப்பதற்கு எதுவும் இல்லை; காட்டுக்குள் மெதுவாக நடப்பதும் உட்காருவதும்தான். டாக்டர் சிங் லீ என்பவர் காட்டில் சில நாள் தங்கியவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளையணுக்கள் சுறுசுறுப்பாகியிருந்ததைக் காட்டினார். மரங்கள் வெளிவிடும் மணப்பொருட்கள் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆரம்ப ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் ஒரு டஜன் பேர் அளவில்தான். இதை நான் ஆர்வத்தோடு படிக்கிறேன், அளவோடு நம்புகிறேன். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 2019-ல் வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, ஆற்றங்கரை, கடற்கரை, வயல்வெளி என்று எங்காவது கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிட உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நடையில் போனாலும் பல நாளாகப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்தானே வெளியே போக முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, இந்த மாதிரிக் கணக்கெடுப்பால் அதை முழுதாகத் தீர்க்க முடியாது.

குழந்தைகளின் கண் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கே ஆதாரம் வலுவானது.

என் பேத்திக்கு மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்தது. கரும்பலகை தெரியவில்லை என்றாள். அவள் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "செல்போனைப் பார்த்துப் பார்த்து வந்தது" என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம். அது பாதி உண்மை. கிட்டப்பார்வை என்பது கண்விழி முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுவது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகப் புத்தகம் படித்தவர்கள். அவர்கள் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடினார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம்.

ஒப்பிட்டதோடு விடவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். முடிவுகள் 2015-ல் வெளியாயின. தைவான் 2010 முதலே பள்ளிகளில் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்று திட்டம் போட்டு நடத்துகிறது.

காரணம் வெளிச்சம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வகுப்பறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியில் பத்தாயிரத்தைத் தாண்டும். மர நிழலில்கூட வகுப்பறையைப் போலப் பல மடங்கு. நம் கண் சட்டெனப் பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைனைச் சுரக்கிறது. கண்விழி நீளுவதை அது தடுக்கிறது. ஆகவே வெயிலில் நிற்க வேண்டியதில்லை, புங்கமரத்தடியில் விளையாடினாலும் போதும். வந்துவிட்ட கிட்டப்பார்வையை இது திருப்பாது. வராமல் தடுப்பதிலும் தள்ளிப்போடுவதிலும்தான் பலன். அதனால்தான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பேத்தியின் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தம்பிக்காரன் அடுத்த வருடம் அதே பள்ளியில் சேரப்போகிறான்.

வெயில் என்றதும் வைட்டமின் டி பற்றிக் கேட்பார்கள். காலை ஆறு மணி இளவெயிலில் நின்றால் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். தோலில் அதைத் தயாரிக்கும் புற ஊதாக் கதிர், சூரியன் சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில் மிகவும் குறைவு. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் அறவே வராது. சூரியன் மேலேறிய பிறகு சிறிது நேரம் கையும் காலும் வெயிலில் பட வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. சித்திரை வெயிலில் வயதானவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குப் பயம்; அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மாத்திரையுமே நல்லது.

எல்லாருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதை வார்டுதான் எனக்குக் காட்டியது. காலை முதல் மாலை வரை களை எடுக்கிற பெண்ணிடம், செங்கல் சூளையில் நிற்கிறவரிடம், "இயற்கையோடு நேரம் செலவழியுங்கள்" என்று சொல்வது கொடுமை. வெயில் தாக்கி, சிறுநீர் இறங்காமல் வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது வேலையிடத்தில் நிழல், தண்ணீர், உட்கார நேரம். மரம் அவர்களுக்கும் உயிர்தான், வேறு விதத்தில்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பெண்களிடம் "தினமும் அரை மணி நேரம் காத்தாட நடங்க" என்று சொல்லி அனுப்புவோம். "எங்க நடக்கிறது, சிஸ்டர்?" என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார். அவர் தெருவில் நடைபாதை இல்லை. பஸ் உரசிக்கொண்டு போகும். பக்கத்துக் காலிமனையில் குப்பையும் சீமைக்கருவேலமும். ஆறு மணிக்குமேல் குடிகாரர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பதில் தேடியிருக்கிறார்கள். அங்கே ஏழைத் தெருக்களில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலிமனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல்லும் சில மரங்களும் வைத்து, குட்டையான மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். சுற்றி வாழும் மக்களிடம் முன்னும் பின்னும் பேசினார்கள். பசுமையாக்கிய இடங்களுக்கு அருகில் வாழ்ந்தவர்களில், மனச்சோர்வாக உணர்கிறேன் என்று சொன்னவர்கள், எதுவும் செய்யாத இடங்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்தார்கள். குப்பை மட்டும் அள்ளிய இடங்களில் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை. 2018-ல் வந்த இந்த ஆய்வு, நான் படித்தவற்றிலேயே நமக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன். கொடைக்கானலுக்குப் போக வசதி இல்லாதவர்களின் தெருவில், அவர்கள் வாசலிலிருந்து பார்க்கும் தூரத்தில் நடந்த வைத்தியம் அது.

நம் ஊர்களில் இடத்துக்குக் குறைவில்லை. குளத்துக்கரை, ஆற்றுப்படுகை, கோயில் நந்தவனம், பள்ளி மைதானம், பஞ்சாயத்துப் புறம்போக்கு எல்லாம் இருக்கின்றன. நூறு நாள் வேலையில் மரம் நடவும் வழி இருந்தது. நட்ட கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் போடுவதுதான் விட்டுப்போகிறது. எங்கள் பக்கத்துக் குளத்துக்கரையில் நிழல் தரும் மருதமரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. காலையில் ஆண்கள் நடக்கிறார்கள். பெண்கள் வருவதில்லை. தெருப் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் சொன்ன காரணங்கள் ஒன்றுதான். அவற்றை எழுதி, கையெழுத்து வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்திருக்கிறோம்: கரை நெடுக விளக்கு, முட்டி வலிக்காரர்கள் உட்கார அங்கங்கே பெஞ்சு, பூட்டி வைக்காத ஒரு கழிப்பறை.